கடலடி மின்கேபிளை மாற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த மின்கம்பங்களைக் கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். பிறகுதான் நகரில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோனார்கள். மண்ணில் கேபிள் பழுதானால் தெருவைத் தோண்டிச் சரிசெய்துவிடலாம். இரு நாடுகளுக்கு நடுவே கடலடியில் கிடக்கும் கேபிள் போனால் மாதக்கணக்கில் போனதுதான்.

அறுந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதே முதல் தவறு. நார்வே–டென்மார்க் இடையே 1976–77இல் போட்ட ஸ்காகெராக் கேபிள்களுக்கு அரை நூற்றாண்டு ஆகிறது. இப்படிப்பட்ட கேபிளைத் தயாரிக்கும் ஆலைகளும், போடும் கப்பல்களும் உலகத்திலேயே கொஞ்சம்தான். ஆர்டர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவற்றை மாற்றலாமா என்ற பேச்சு நார்வேயில் பொறியாளர்களோடு நிற்கவில்லை. மின்சாரம் வெளியே போவதால்தான் எங்கள் பில் ஏறுகிறது என்ற கோபம் அரசியலையே உலுக்கியது. மக்கள் முன் வரவு செலவை வைக்காமல் கேபிளை மாற்றப் போவதும் தவறுதான்.

கேபிளின் வயதை மட்டும் பார்ப்பது இன்னொன்று. கடலில் கிடப்பது நன்றாக இருக்க, கரையில் உள்ள கன்வெர்ட்டர் நிலையம் (ஏசி மின்சாரத்தை டிசியாகவும், டிசியை ஏசியாகவும் மாற்றும் இடம்) தேய்ந்திருக்கலாம். இங்கிலாந்து–பிரான்ஸ் இடையிலான 1986 இணைப்பில் கேபிள்களை விட்டுவிட்டு கன்வெர்ட்டர் வால்வுகளை, அதாவது அந்த மாற்றத்தைச் செய்யும் மின்னணுக் கருவிகளைத்தான் மாற்றினார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, பழைய பாதையிலேயே, பழைய ஆழத்திலேயே புதியதையும் போடுவது. ஐம்பது ஆண்டில் மணல் நகர்ந்திருக்கும், கப்பல்கள் பெருத்திருக்கும். நங்கூரமும் மீன்பிடிக் கருவிகளும்தான் கேபிளுக்கு முதல் ஆபத்து. 2016 நவம்பரில் புயலடித்தபோது அதே இங்கிலாந்து–பிரான்ஸ் இணைப்பின் 8 கேபிள்களில் 4 சேதமாகி, 2,000 மெகாவாட் பாதியாகக் குறைந்தது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்து–எஸ்தோனியா இடையே 650 மெகாவாட் எஸ்ட்லிங்க் 2 கேபிள் அறுந்தது. திரும்ப ஓடத் தொடங்கியது 2025 ஜூனில்.

இழுவைமடி எங்கே போகும், பாறை எங்கே இருக்கிறது, படகுகள் எங்கே நங்கூரமிடும் என்பதெல்லாம் எங்கள் கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இந்தியா–இலங்கை மின் இணைப்பு பல காலமாகப் பேச்சில் இருக்கிறது. அது கடல் வழியாக வந்தால், இரு கரை மீனவர்களும் தொழில் செய்யும் ஆழம் குறைந்த நீரில்தான் வரும். அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஆய்வுக்கப்பல் வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும், வந்தபின் அல்ல. நம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கேபிள் போடும் வேலையை அதற்குள் வைத்துக்கொண்டால் வலையும் தப்பும், கேபிளும் தப்பும்.

அப்புறம், பழையதை அப்படியே மறந்துவிடுவது. எண்ணெய் நிரப்பிய பழைய வகையானால் கசிவு கடலில்தான் கலக்கும். ஆனாலும் புதியது முழுச்சுமையில் ஓடிக் காட்டும்வரை பழையதை வெட்டக் கூடாது.

உதிரிக் கேபிளில் சிக்கனம் பிடிக்கவும் வேண்டாம். ஆர்டரின்போதே சில கிலோமீட்டர் கூடுதலாகச் செய்து கரையில் பத்திரப்படுத்துவது நல்லது. இருபது ஆண்டு கழித்து அதே கேபிளை அதே ஆலை செய்து தரும் என்று நம்பி இருக்க முடியாது.