மோட்டார் சைக்கிளுக்கு எக்ஸ்ட்ரா பியூஸ் போடும்போது செய்யக்கூடாதவை

கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் பிளாட்டுக்குக் கீழே சனிக்கிழமை சாயங்காலமானால் ஏதாவது ஒரு கப்சாயின், அதாவது சின்ன மோட்டார் சைக்கிளின், சீட் திறந்து கிடக்கும். ஸ்பாட்லைட், போன் சார்ஜர், டேஷ்கேம், சத்தமான ஹாரன் என்று ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டிருக்கும். சாப்பாடு டெலிவரி ஓட்டும் பையன்கள்தான் அதிகம். ராத்திரி ஓட்டத்துக்கு இதெல்லாம் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை இவர்களும் அப்படியே செய்வதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பது, டேப் சுற்றாமல் விடுவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், அவை உடனே தெரிந்துவிடும்.

பியூஸ் இருக்கிறது, ஆனால் தப்பான இடத்தில்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. எங்கள் பிளாக் தம்பி ஒருவன் இரண்டு ஸ்பாட்லைட் வாங்கினான், கூடவே பியூஸோடு வந்த வயரிங் செட். பேட்டரி சீட்டுக்கு அடியில், லைட் முன்னால், வயர் எட்டவில்லை. என்ன செய்தான், பேட்டரி பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் வயரை ஒட்டுப் போட்டு நீட்டி, பியூஸை ஹெட்லைட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டான். மாற்ற சுலபமாக இருக்குமாம். சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில் திரும்பும் இடத்தில் அந்த வயர் பிரேமில் உரசி உரசித் தோல் தேய்ந்து, ஒருநாள் பார்க்கிங்கில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பியபோது செம்பு இரும்பைத் தொட்டது. ஸ்பீடோமீட்டருக்கு அடியிலிருந்து புகை. பக்கத்தில் நின்ற மோட்டார்களை இழுத்துத் தள்ளிவிட்டு, பேட்டரி வயரைப் பிடுங்கித்தான் நிறுத்தினோம்.

அப்புறம் பியூஸைக் கழற்றி என்னிடம் காட்டினான். "அண்ணே, பியூஸ் நல்லாத்தானே இருக்கு?" சிவப்பு 10 ஆம்பியர், உள்ளே கம்பி முழுசாக இருந்தது. அதற்கு முன்னால் இருந்த வயர் உருகி, ஒரிஜினல் வயர் கட்டோடு ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. முழு வயரிங்கும் மாற்ற வேண்டியதாயிற்று. கூலியோடு 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், ஓட்டம் போனது தனி.

நடந்தது இதுதான்: மின்சாரம் பேட்டரியில் கிளம்பி, தேய்ந்த இடத்தில் பிரேமில் இறங்கி, பிரேம் வழியாகவே மைனஸுக்குத் திரும்பிவிட்டது. பியூஸ் அந்தப் பாதையிலேயே இல்லை, அப்புறம் எப்படி உருகும்? சின்ன கப்சாய் பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள். ஸ்டார்டரைச் சுழற்றுகிற பேட்டரி அது, ஷார்ட் ஆனால் மெல்லிய வயரைச் சிவக்க வைக்கப் போதும். மோட்டாரின் மெயின் பியூஸ் காப்பாற்றும் என்பதும் பொய் நம்பிக்கை. பேட்டரி முனையிலிருந்து நேராக எடுத்த வயர் மெயின் பியூஸைத் தொடாமலே போகிறது. சாவியை ஆஃப் செய்தாலும் அதில் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பியூஸ் காப்பாற்றுவது லைட்டை அல்ல, வயரை. அதனால் பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். வயர் எட்டவில்லையா, பியூஸுக்கு அந்தப் பக்கம், லைட் இருக்கும் பக்கம் நீட்டுங்கள். போட்டு முடித்ததும் ஒரு சோதனை: புது பியூஸைக் கழற்றிவிட்டு, ஜாலான் பாசாரில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, நீங்கள் புதிதாக இழுத்த வயர்களைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற பகுதிக்குக் காவல் கிடையாது. அது எவ்வளவு நீளம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மைனஸ் வயரில் பியூஸ்

வேண்டாம். பிளஸ் வயர் பிரேமைத் தொட்டால் அது சும்மா வேடிக்கை பார்க்கும்.

செட்டில் வந்த பியூஸை அப்படியே விடுவது

20 வாட் லைட் இரண்டு என்றால் 40 வாட். 12ஆல் வகுத்தால் 3.3 ஆம்பியர், கொஞ்சம் இடம் விட்டு 5 ஆம்பியர் பியூஸ் சரி. செட்டில் 20 இருந்தது என்று 20ஐயே விடுகிறார்கள், வயரோ நூல் மாதிரி இருக்கிறது. 20 ஆம்பியர் பிளேடு பியூஸ் 20ஐத் தாண்டியதும் பட்டென்று போய்விடாது, 27 ஆம்பியரில்கூட 10 நிமிடம் வரை தாங்கலாம். அதற்குள் வயரின் கதை முடிந்துவிடும். வயர் தாங்கும் அளவுக்கு மேல் பியூஸ் போகவே கூடாது.

போன பியூஸுக்குப் பதில் பெரியது

போடாதீர்கள். ஏன் போனது என்று தேடுங்கள். சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றுகிறவர்களிடம் பேசவே ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ்

ஹாரனில் ஷார்ட் ஆனால் ஃபெடரல் நெடுஞ்சாலை மோட்டார் பாதையில் ராத்திரி ஸ்பாட்லைட்டும் சேர்ந்து அணையும். நாலு ஐட்டத்துக்கு மேல் போனால் சின்ன பியூஸ் பாக்ஸ் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் கொடுங்கள். ஆனால் பேட்டரியிலிருந்து பாக்ஸுக்குப் போகும் வயரும் வயர்தான், அதற்கும் பேட்டரி பக்கத்தில் ஒரு பியூஸ் வேண்டும். பாக்ஸ் போட்டவர்கள் பாதிப்பேர் இதை மறக்கிறார்கள். பாக்ஸை ரிலே என்ற மின்சார சுவிட்ச் வழியாகச் சாவியோடு இணைத்துவிட்டால் (ரிலேயின் கால் எண்களில் 30 பேட்டரி பியூஸுக்கு, 87 பாக்ஸுக்கு, 86 சாவி போட்டால் உயிர் வரும் வயருக்கு, 85 பிரேமுக்கு) நிறுத்தி வைத்த மோட்டாரில் சார்ஜர் பேட்டரியைக் குடிப்பதும் நிற்கும்.

மழை

கேஎல் மழைக்கும், கார் வாஷ் தண்ணீர் அடிக்கும் வேகத்துக்கும் ரப்பர் மூடி இல்லாத பியூஸ் ஹோல்டர் தாங்காது. பியூஸின் காலில் பச்சை பூத்துவிட்டால் அந்த இடமே சூடாகி ஹோல்டர் உருகும். பியூஸ் போகாது, ஏனென்றால் ஆம்பியர் கூடவில்லை. மூடியுள்ள ஹோல்டராக வாங்கி, வாய் கீழே பார்க்கிற மாதிரி கட்டுங்கள். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஒருமுறை பியூஸை உருவிப் பாருங்கள், கால் நிறம் மாறியிருந்தால் பியூஸை மட்டுமல்ல, ஹோல்டரையும் சேர்த்து மாற்றுங்கள்.