ஸ்டார்ட்அப்புக்கு மொத மொத வெப்சைட் பண்றவங்க எங்கெல்லாம் மாட்டுறாங்க

குன்னூர், கோத்தகிரி பக்கம் இப்ப நெறைய பேர் சின்னதா ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கிறாங்க, ஒருத்தர் தன் தோட்டத்து டீத்தூளை நேரடியா விக்கணும்பாரு, ஒருத்தர் ஹோம்ஸ்டே, ஒருத்தர் சாக்லேட், தைலம். கோயம்புத்தூர் ஏஜென்சி சொல்ற ரேட் இவங்களுக்குக் கட்டுபடி ஆகாது, அதனால காலேஜ் முடிச்சிட்டு ஊர்லயே இருக்கிற பையனையோ பொண்ணையோ கூப்பிட்டு "ஒரு சைட் பண்ணிக் குடுப்பா"ன்னு கேக்குறாங்க. நல்ல சான்ஸ்தான், விட்றாதீங்க. ஆனா மொத வேலைல அடிபடுறவங்க கோடிங் தெரியாம அடிபடுறது கம்மி, பேசினத எழுதி வைக்காம மாட்டுறதுதான் அதிகம்.

"ஒரு வெப்சைட்"னு சொன்னா அவங்க மனசுல அமேசான் ஓடும், உங்க மனசுல அஞ்சு பக்கம் ஓடும். எத்தனை பக்கம், தமிழா இங்கிலீஷா ரெண்டுமா, போட்டோ யார் எடுக்குறது, ஆன்லைன்ல காசு வாங்கணுமா, எத்தனை தடவ மாத்திக் கேக்கலாம், இவ்வளவையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிடுங்க. ஸ்டார்ட்அப் ஆளுங்களுக்கு வாரத்துக்கு ஒரு ஐடியா வரும், அதக் குத்தம் சொல்ல முடியாது, என்ன விக்கப் போறோம்னு அவங்களுக்கே இன்னும் முழுசா பிடிபடல. டீத்தூள்னு ஆரம்பிச்சு எஸ்டேட் டூர், அப்புறம் டீ கிளாஸ் செட், அப்புறம் "ஒரு ஆப்பும் போட்டுடலாமா"ன்னு போகும். எழுதி வச்சிருந்தா "பண்ணலாங்கண்ணா, இது தனி கணக்கு"ன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லலாம், எழுதலேன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுதான் சொல்லணும். வாட்ஸ்அப்ல "நாம பேசினது இதுதானுங்களே"ன்னு போட்டு அவங்ககிட்ட ஒரு ஓகே வாங்கிக்கிறதே பாதி கிணறு தாண்டின மாதிரி.

அட்வான்ஸ் கேக்க வெக்கப்படாதீங்க. மலைல எல்லாரும் தெரிஞ்சவங்கதான், மாமாவோட ஃப்ரெண்டு, ஸ்கூல் சீனியர், அதனாலேயே கேக்க வாய் வராது. பாதி மொதல்ல, மீதி சைட் லைவ் போறதுக்கு முன்னாடி. லைவ் போன பின்னாடி கேக்குற காசு சீசன் முடியட்டும், ரெண்டாவது சீசன் முடியட்டும்னு இழுத்துக்கிட்டே போகும்.

"இப்போ கையில காசில்ல, கம்பெனில 2 பர்சென்ட் தர்றேன்"னு சொல்றவங்களும் இருக்காங்க. கம்பெனி எப்படி ரிஜிஸ்டர் ஆயிருக்குன்னு மொதல்ல கேளுங்க. உத்யம்னு சின்னத் தொழிலுக்குக் குடுக்குற பதிவு சர்டிஃபிகேட் மட்டும் வச்சிருக்கிற தனிநபர் தொழில்னா அதுல ஷேர்னு ஒன்னே கிடையாது, மனசார குடுக்க நெனச்சாலும் குடுக்க வழியில்ல. ப்ரைவேட் லிமிடெட்டா இருந்தா முறையா ஷேர் ஒதுக்கி கம்பெனி பதிவாளர்கிட்ட ஃபைல் பண்ணணும், அது நடக்காத வரைக்கும் அந்த 2 பர்சென்ட் வெறும் வாய்ப்பேச்சு. என்னக் கேட்டா மொத வேலைக்கு காசா வாங்கிக்கிறதுதான் சரி, கம்மியா இருந்தாலும் பரவால்ல.

டொமைன், அதாவது சைட்டோட முகவரிப் பேரு, அந்த விஷயத்துலதான் ரொம்ப பேர் சொதப்புறாங்க. அவசரத்துல நம்ம ஜிமெயில், நம்ம கார்டு போட்டு வாங்கிடுறோம். அப்புறம் அவங்களுக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வந்தா அவங்க பேரே உங்க கையில மாட்டிக்கும், இல்ல நீங்க பெங்களூர் வேலைக்குப் போயிட்டா ரினியூவல் மெயில் யாரும் பாக்காத இன்பாக்ஸ்ல கிடக்கும். அவங்க பேர், அவங்க மெயில், அவங்க காசு, பக்கத்துல உக்காந்து நீங்க உதவி பண்ணுங்க. டாட் காம் மாதிரி டொமைன் வாங்கினா மெயில் ஐடிய உறுதி பண்ணச் சொல்லி ஒரு மெயில் வரும், அத 15 நாளுக்குள்ள கிளிக் பண்ணலேன்னா சைட் நின்னுடும், கிளையன்ட் அத ஏதோ விளம்பரம்னு நெனச்சி அழிச்சிட்டு உங்களுக்கு போன் போட்டு "என்னப்பா சைட்டக் காணோம்"பாரு. ஆட்டோ ரினியூவல் போட்டாச்சேன்னும் நிம்மதியா இருக்க முடியாது, 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ரூல் வந்ததுல இருந்து நம்ம கார்டுல வெளிநாட்டு கம்பெனிங்க தானா காசு எடுக்குறது அடிக்கடி ஃபெயில் ஆகுது. டாட் காம் காலாவதி ஆகி, ரினியூ பண்ணக் குடுக்குற கெடுவும் தாண்டிட்டா அப்புறம் ஒரு 30 நாள் மீட்டெடுக்கலாம், ஆனா அதுக்குத் தனியா பெருசா ஃபீஸ் பிடுங்குவாங்க. காலெண்டர்ல ரெண்டு பேருமே குறிச்சி வைங்க. ஹோஸ்டிங், அதாவது சைட்ட வைக்கிற சர்வர் வாடகை, மொத வருஷம் சீப்பா குடுத்துட்டு ரெண்டாம் வருஷம் ரேட்ட ஏத்துவாங்க, அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க, சொல்லலேன்னா நீங்கதான் கமிஷன் அடிச்சீங்கன்னு பேச்சு வரும்.

சைட்டுக்கு நீங்க எழுதின கோடு யாருக்குச் சொந்தம்? காசு குடுத்தவருக்குத்தான்னு எல்லாரும் நெனக்கிறாங்க. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி சம்பளத்துக்கு வேலை செய்யிறவர் எழுதினா கம்பெனிக்கு, வெளியில இருந்து ஃப்ரீலான்ஸா எழுதினா, வேற ஒப்பந்தம் இல்லேன்னா, எழுதினவருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நாளைக்கு அந்த ஸ்டார்ட்அப்புக்கு யாராவது முதலீடு போட வந்தா மொத கேள்வியே இதுதான், அப்ப உங்களத் தேடி அலைவாங்க. உரிமைய மாத்திக் குடுக்குறது எழுத்துல, நீங்க கையெழுத்து போட்டு இருக்கணும், வாட்ஸ்அப் ஓகே இதுக்குப் பத்தாது. எவ்வளவு காலத்துக்குன்னு எழுதலேன்னா 5 வருஷம்னும், எந்த ஊருக்குன்னு எழுதலேன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். அதனால முழுக் காசும் வந்ததும் உரிமை மாறும், நிரந்தரமா, உலகம் முழுக்கன்னு அரைப் பக்கம் எழுதிடுங்க, உங்களுக்கும் அது பாதுகாப்பு.

போட்டோவ கூகுள்ல இருந்து எடுத்துப் போடாதீங்க. உரிமைப் பிரச்சனை ஒரு பக்கம், மூணாறு எஸ்டேட் படத்தப் போட்டு "எங்கள் கோத்தகிரி தோட்டம்"னு எழுதினா ஊர்க்காரன் ஒரே பார்வைல கண்டுபிடிச்சிடுவான்.

பிரஸ்ல அடிச்ச நோட்டீஸ்ல இருந்து தமிழ் மேட்டர் குடுத்தா கவனம். அது பாமினியோ வானவில்லோ ஸ்ரீலிபியோ ஏதாவது பழைய ஃபான்ட்ல டைப் பண்ணதா இருக்கும், காப்பி பண்ணி ஒட்டினா புரியாத இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். எல்லா போன்லயும் சரியா தெரியிற யூனிகோடு எழுத்துக்கு மாத்திட்டு ஒரு தடவ முழுசா படிச்சிப் பாருங்க, கன்வெர்ட்டர் கொம்பையும் காலையும் இடம் மாத்தி வைக்கும்.

வீட்டு வைஃபைல சைட் பறக்கும். மஞ்சூர்லயோ, கொடைக்கானல் பக்கம்னா மன்னவனூர்லயோ நின்னு போன்ல திறந்து பாருங்க. போன்ல எடுத்த படம் ஒவ்வொன்னும் 4, 5 எம்பி இருக்கும், அப்படியே ஏத்தினா ரூம் தேடுற டூரிஸ்ட் வட்டம் சுத்துறதப் பாத்துட்டு பேக் போயிடுவான். வெப்பி (WebP)ன்னு படத்தோட சைஸக் கம்மி பண்ற ஃபார்மட்ல மாத்தி 200 கேபிக்குள்ள கொண்டு வாங்க. ஸ்லைடர், வீடியோ பேக்ரவுண்டெல்லாம் கிளையன்ட் ஆசைப்படுவாரு, அன்பா மறுத்துடுங்க.

கான்டாக்ட் ஃபார்ம் அனுப்புற மெயில் உண்மையிலேயே வருதான்னு பாக்காம ஒப்படைக்கிறது பெரிய தப்பு. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் கண்டிப்பா இருக்கு, மெயில் நெசமாவே அந்த டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் செட்டிங் ரெண்டுல ஒன்னாவது செட் பண்ணாத மெயில ஸ்பாம்ல தள்ளிடும், இல்ல வாசலோடயே திருப்பி அனுப்பிடும். மே மாசம் மலர்க் கண்காட்சி நேரத்துல வந்த புக்கிங் விசாரணை எல்லாம் ஸ்பாம்ல கிடந்துச்சுன்னா அந்த ஹோம்ஸ்டேகாரருக்கு அந்த வருஷமே போச்சு. பக்கத்துலயே ஒரு வாட்ஸ்அப் பட்டனும் வைங்க.

சைட்லயே காசு வாங்க உதவுற பேமென்ட் கேட்வேய கடைசி நாள்ல ஆரம்பிக்காதீங்க. கேஒய்சிக்கு பான், பேங்க் அக்கவுன்ட் கேப்பாங்க, சைட்ல ரீஃபண்ட், ப்ரைவசி, தொடர்பு விவரம்னு பக்கங்கள் இருக்கான்னு பாப்பாங்க. சாக்லேட், டீத்தூள்னா உணவுப் பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இல்ல லைசென்ஸ் வேணும். வெளி மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினா பொதுவா ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷனும் வேணும், விற்பனை சின்னதா இருந்தாலும். இதெல்லாம் அவங்க ஆடிட்டர் வேலை, ஆனா மொத வாரமே அவங்க காதுல போட்டுடுங்க, இல்லேன்னா லேட் ஆனதுக்குப் பழி உங்க மேல.

தேதி குடுக்கும்போது மழையையும் கணக்குல எடுங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 செமீ கொட்டுச்சு, 2018 நவம்பர்ல கஜா புயல் கொடைக்கானலையும் விட்டு வைக்கல. அந்த அளவுக்கு இல்லேன்னாலும் ஆடி மழைல ஒரு மரம் லைன் மேல சாஞ்சா கரன்ட், நெட் ரெண்டும் போயிடும். ரெண்டு வாரத்துல முடியும்னா மூணுன்னு சொல்லுங்க, வேலைய லேப்டாப்ல மட்டும் வைக்காம அன்னன்னிக்கே கிட் (Git) மூலமா ஆன்லைன்ல ஏத்திடுங்க.

ஒப்படைக்கும்போது எல்லா லாகினையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து, பாஸ்வேர்டெல்லாம் உங்க முன்னாடியே மாத்தச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அப்டேட், பேக்கப், விலை மாத்துறதுன்னு மாசாமாசம் வேலை வந்துக்கிட்டேதான் இருக்கும், 30 நாள் ஃப்ரீ, அதுக்கு மேல மாசம் இவ்வளவுன்னு அன்னிக்கே பேசிடுங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் வந்தா எடுப்பீங்களா மாட்டீங்களாங்கிறதையும் சேத்துதான்.