பொள்ளாச்சி பக்கம் கார்ல தோப்பு சுத்தப் போறீங்களா? ஒரு சின்ன விசயம்

கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர்தானுங்க, ஆனா செவ்வாய், வியாழன்ல மட்டும் ஊருக்குள்ள நுழையாதீங்க, மாட்டுச்சந்தை, லாரியும் மாடுமா ரோடு நெறஞ்சு கெடக்கும். வெள்ளனே ஏழு மணிக்குள்ள ஊரத் தாண்டி ஆனைமலை, ஆழியாறு பக்கம் போயிட்டீங்கன்னா வெயில் ஏறதுக்குள்ள நிம்மதியா பாக்கலாம்.

மேப் சொல்லுதேன்னு வாய்க்கா மேட்டு ரோட்டுல மட்டும் வண்டிய வுட்றாதீங்க. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கா ஓரம் மண்தடம், ஒரு வண்டி அகலந்தான், எதுக்க மட்டை லோடு டிராக்டர் வந்துச்சுன்னா அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ்தான், ஒரு பக்கம் தண்ணி ஒரு பக்கம் பள்ளம், நான் போனப்ப பின்னாடி ஒக்காந்திருந்த எங்க மாமியா முருகா முருகான்னே வந்தாங்க. முன்னாடியே வண்டிய நிறுத்தி "ஏனுங்க்கா, அக்கட்டால கார் திரும்புமுங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, மேப்ப விட அது சரியா இருக்கும்.

அப்பறம் நீரா கெடச்சா குடிச்சுப் பாருங்க, தென்னம்பாளையில ஐஸ் பொட்டி கட்டி எறக்கற இனிப்புச் சாறு, போதை கெடையாது, வண்டி ஓட்டறவங்களும் குடிக்கலாம். ஆனா சில்லுனு இருக்கறப்பவே குடிச்சுருங்க. வீட்டுக்குன்னு வாங்கி டிக்கில போட்டு வெயில்ல சுத்துனா புளிச்சு கள்ளாயிரும், நம்மூர்ல கள்ளுக்குத் தடைங்கறது ஞாபகம் இருக்கட்டும். வாங்கறதுன்னா கடைசியா வாங்குங்க, கையோட ஒரு ஐஸ் பொட்டியும் எடுத்துட்டுப் போங்க.