70 மீற்றரில் ரீகேர்வ் வில்: வன்னியில் பயிற்சி செய்வோருக்கான சீரமைப்பு முறை

ஒலிம்பிக்கில் ரீகேர்வ் (நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த வில்) வில்லாளர்கள் எய்யும் தூரம் 70 மீற்றர். இலக்குத்தாளின் விட்டம் 122 சென்ரிமீற்றர். பத்துப் புள்ளி தரும் நடு வட்டமோ 12.2 சென்ரிமீற்றர்தான். 18 மீற்றரில் கண்ணுக்கே தட்டுப்படாத பிசகு அந்தத் தூரத்தில் அம்பை வெளி வளையங்களுக்குத் தள்ளிவிடும். அம்பு விலகத் தொடங்கியதும் பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது பிளஞ்சர் பட்டனில், அதாவது அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானில். என் எண்ணத்தில் அது கடைசியாகத் தொடவேண்டிய உறுப்பு. நாணின் உயரமும் அம்பின் விறைப்பும் சரியில்லாத வில்லில் பிளஞ்சரைத் திருகுவது வரம்பு உடைந்த வயலுக்கு வாய்க்காலைத் திறந்துவிடுவது போன்றது.

முதலில் காலத்தையும் இடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும் நாட்களில், வெயில் ஏறிய பின் திறந்த வெளியில் வில்லைச் சீர்செய்ய முயன்றால், காற்றின் பிழையை வில்லின் பிழையென எண்ணி நல்ல அமைப்பையும் குலைத்துவிடுவோம். எனவே விடிந்த கையோடு வேலையை முடித்துவிடுவது நல்லது. காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களே இதற்கு வாய்ப்பானவை: காற்றும் அடங்கியிருக்கும், இலக்குக்கு இறுக்கிக் கட்ட வைக்கோலும் கிடைக்கும். குளக்கட்டு நல்ல பின்தடுப்பாகத் தோன்றினாலும், அதன் மேலால் சைக்கிளிலும் மாடுகளோடும் ஆட்கள் போய்வருவதால் அந்தப் பக்கம் நோக்கி எய்யக் கூடாது. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதென்று உறுதியாகாத பற்றைக்குள் தவறிய அம்பைத் தேடிப் போவதும் கூடவே கூடாது. அம்பு போனால் போகட்டும்.

வில்லில் முதல் வேலை லிம்களை, அதாவது வில்லின் மேலும் கீழும் வளையும் கைகளை, நேராக்குவது. வில்லை நாற்காலியில் சாய்த்து வைத்துப் பின்னால் நின்று பார்த்தால், நாண் இரு லிம்களின் நடுவிலும் ரைசரின் (கைப்பிடியுள்ள நடுப்பகுதி) நடுவிலும் ஒரே கோடாக விழ வேண்டும். அடுத்தது ரில்லர்: ரைசரில் லிம் பொருந்தும் இடத்திலிருந்து நாண்வரை மேலும் கீழும் அளந்தால், மேல் அளவு கீழ் அளவைவிட 0 முதல் 6 மில்லிமீற்றர்வரை கூடுதலாக இருப்பது வழக்கம். லிம் போல்ற்றைத் திருகினால் வில்லின் இழுவிசையும் மாறும். ஆகவே இழுவிசையையும், இழுக்கும் நீளத்தைத் தீர்மானிக்கும் கிளிக்கரின் இடத்தையும் இப்போதே முடிவுசெய்துவிட வேண்டும். பின்னர் இவற்றில் கை வைத்தால் மற்ற எல்லாவற்றையும் மறுபடி தொடங்க நேரும்.

பிரேஸ் உயரத்துக்கு, அதாவது கைப்பிடியிலிருந்து நாண்வரையான தூரத்துக்கு, சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். 68 அங்குல வில்லுக்கு இது பொதுவாக எட்டரை முதல் ஒன்பது அங்குலம். நாணைக் கழற்றி முறுக்கு ஏற்றினால் உயரம் கூடும், முறுக்கைத் தளர்த்தினால் குறையும். குறைந்த அளவில் தொடங்கி, மூன்று நான்கு முறுக்குகளாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் சில அம்புகள் எய்து காதால் கேட்க வேண்டும். அளவு தவறிய வில் எய்தபின் கலகலத்து நடுங்கும். சரியான அளவில் அந்த ஒலி சட்டென்று அடங்கி, கைப்பிடியிலும் அதிர்வு குறையும். புதிய நாண் முதல் சில நாட்கள் நீளும். வன்னி வெயில் உயரத்தை மேலும் மாற்றிவிடக்கூடும் என்பதால் காலையில் அளந்ததை மதியத்திலும் அளந்து பார்ப்பது நல்லது. கதவு மூடிய வானுக்குள் வில்லை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

அடுத்து நொக்கிங் பொயின்ற், அதாவது நாணில் அம்பின் வால் பொருந்தும் இடம். அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் நிலையிலிருந்து 6 முதல் 10 மில்லிமீற்றர் மேலே தொடங்கலாம். பின்னாலிருந்து பார்க்கையில், வலக்கையால் இழுப்பவருக்கு அம்பின் முனை நாணுக்குச் சற்றே இடப்புறம் தெரியும்படி பிளஞ்சரின் நீளத்தை அமைத்து, அதன் ஸ்பிரிங்கை நடுத்தரத்தில் விட வேண்டும்.

இனி, ஆறு அம்புகளில் இரண்டின் இறகுகளைச் சுரண்டி நீக்குங்கள். 18 மீற்றரில் இறகுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் ஒரே குறிக்கு எய்தால் வில்லே தன் குறையைச் சொல்லும். இறகில்லா அம்பு மேலே தைத்தால் நொக்கிங் பொயின்ற்றை மேலே நகர்த்த வேண்டும். கீழே தைத்தால் கீழே. வலக்கையாளருக்கு அது இடப்புறம் போனால் அம்பு மிகை விறைப்பு, வலப்புறம் போனால் மிகை நெகிழ்வு. மிகை விறைப்பானால் இழுவிசையைச் சற்றுக் கூட்டலாம் (அப்படியானால் முன் சொன்ன அளவுகளை மறுபடி பார்க்க வேண்டும்), கனமான முனை பூட்டலாம், சிறு வித்தியாசமாயின் பிளஞ்சர் ஸ்பிரிங்கைத் தளர்த்தலாம். நெகிழ்வானால் இவற்றுக்கு எதிர்மாறு. அம்பை வெட்டிக் குறுக்கினாலும் விறைப்பு ஏறும், ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால் அதற்கு அவசரம் வேண்டாம். இறகுள்ளவையும் இல்லாதவையும் ஓரளவு சேர்ந்ததும் 30 மீற்றரில் அதையே மீண்டும் செய்யுங்கள். விலகல் ஓர் அடிக்கு மேல் இருந்தால் ஸ்பிரிங்கால் அதை ஈடுசெய்ய முயல்வது வீண்; அந்த அம்பு அந்த வில்லுக்கு உரியதன்று.

இவ்வளவும் செய்தபின்பும் அம்புகள் காரணமின்றிச் சிதறினால், இறகு எங்கோ உரசுகிறதா என்று பாருங்கள். குழந்தைக்குப் பூசும் பவுடரை அம்பு தாங்கியைச் சுற்றியும் ரைசரின் உட்பக்கத்திலும் மெல்லத் தூவி ஓர் அம்பு எய்தால், உரசிய இடத்தில் பவுடர் கோடாக அழிந்திருக்கும். பல வேளைகளில் நொக்கை (நாணில் மாட்டும் அம்பின் வால்முனை) சிறிது திருப்பினாலே உரசல் நின்றுவிடும்.

அம்புதாங்கியின் இடம் சரியா என்பதை அறிய, சைட்டை (குறிபார்க்கும் கருவி) மாற்றாமல் ஒரு செங்குத்துக் கோட்டின் மேல்முனையைக் குறிவைத்து 5 மீற்றரிலிருந்து 30 மீற்றர்வரை பின்வாங்கியபடி எய்யலாம். தூரம் கூடக் கூட அம்புகள் நேர்சாய்வாக இடப்புறம் விலகினால், வலக்கையாளர் பிளஞ்சரைச் சற்று உள்ளே எடுக்க வேண்டும். வலப்புறம் விலகினால் வெளியே.

இப்போதுதான் 70 மீற்றர். இங்கு இறகுள்ள அம்புகளின் கூட்டமே அளவுகோல். ஸ்பிரிங்கைக் கால் திருகலாக மாற்றி, ஒவ்வோர் அமைப்பிலும் போதிய அம்புகள் எய்து, தைத்த இடங்களைத் தாளில் குறித்துவாருங்கள். கூட்டம் அகலத்தில் மிகக் குறுகும் அமைப்பே உங்களுடையது. அகலம் சரியாகி உயரத்தில் மட்டும் சிதறினால் நொக்கிங் பொயின்ற்றையும் பிரேஸ் உயரத்தையும் மறுபடி பாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முடிந்ததும் பிரேஸ் உயரம், ரில்லர், நொக்கிங் பொயின்ற், ஸ்பிரிங்கின் திருகல், சைட் எண் அனைத்தையும் கொப்பியில் எழுதி, திருகாணிகளின் நிலையைப் பேனாக் கோட்டால் குறித்துவிடுங்கள். நாண் மாற்றும்போதும், வாடையும் மழையும் தொடங்கும் ஐப்பசியிலும், அந்தக் கொப்பியிலிருந்தே வில்லைச் சரிபார்க்கத் தொடங்கலாம்.