கணக்குப் பாடம் உள்ள நாளில் மட்டும் வந்த வயிற்றுவலி

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குக் காலையில் அடிக்கடி வயிற்றுவலி. மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பூச்சி மருந்தும் கேட்கவில்லை. பள்ளியில் ஏதாவது நடந்ததா என்றால், "ஒண்ணுமில்லப்பா."

கால அட்டவணையைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. முதல் பீரியட் கணக்காக இருக்கும் நாளில் மட்டுமே வலி. கணக்கு நோட்டில் வரிசையாகச் சிவப்பு மையில் 'முடிக்கவில்லை'. அவள் தோழியின் நோட்டும் அதே கணக்கோடு பாதியில் நின்றிருந்தது. அதில் மட்டும் சரி குறி. மெதுவாகக் கேட்டதும், தன்னை மட்டும் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பதாகச் சொன்னாள்.

ஆசிரியரிடம் போனில் பேசினேன், "எல்லாரும் எழுதுறாங்களே" என்று முடித்துவிட்டார். மற்ற பெற்றோர் "விடுங்க, மார்க்குல கை வெச்சிடுவாங்க" என்றார்கள்.

அப்புறம் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். திட்டு எதுவும் இல்லை. தேதிகள், இரண்டு நோட்டுப் பக்கங்களின் நகல் (தோழியின் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தேன்), உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு, அவளை வெளியே நிறுத்தக் கூடாது என்ற கோரிக்கை, அவ்வளவுதான். என் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். வாய்ப்பேச்சு நகர்த்தாததை அந்த முத்திரை நகர்த்தியது.

தலைமையாசிரியர் கணக்கு ஆசிரியரையும் என்னையும் உட்காரவைத்துப் பேசினார். வெளியே நிற்கவைப்பது நின்றது, வலியும் நின்றது. பெரிய நிம்மதி. இது நடக்காவிட்டால் 14417 கல்வி உதவி எண்ணை அழைத்திருப்பேன்.