துடுப்பால் வந்த தோள் நோ மாறின விதம்

டிராகன் படகு என்ற நீண்ட போட்டிப் படகில் துடுப்புப் போட 20 பேர், பக்கத்துக்கு 10. ஆளுக்கு ஒரே பக்கம்தான். நான் இடப்பக்கம் என்பதால் வலக்கை துடுப்பின் மேல்பிடியில், தலைக்கு மேலே போய்வரும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். விடியக்காலையில் உப்புவெளிக் கடற்கரையில் இறங்கினம். அந்தப் பருவத்தில்தான் வலத்தோளின் முன்பக்கம் பிடித்தது. சேட்டுப் போடக் கை தூக்கினாலே சுரீரென்றது.

கிழிவு இல்லை, அளவுக்கு மிஞ்சிய வேலையால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) நொந்திருக்கு என்றார் இயன்மருத்துவர். முழு ஓய்வு நோவைத் தணிக்கும், தசைநாணைப் பலமாக்காது. அதற்கு அளவான சுமை வேணும்.

முதலில் அசையாமல் தள்ளினேன். முழங்கையை 90 பாகை மடித்து, விலாவோடு ஒரு துவாயை இடுக்கி, புறங்கையால் சுவரைத் தள்ளி 30 முதல் 45 செக்கன், 5 தரம். நோ இறங்கினதும் ஜன்னல் கம்பியில் றப்பர் பட்டி கட்டி, கையை வெளியே திருப்பி மிக மெதுவாக விட்டேன். அந்த மெதுவாக விடுகிற பாதியை ஒருவரும் அவசரப்படுத்தாதேங்கோ. தோள்பட்டை எலும்பைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியும் கூடவே. நோ 10க்கு 3ஐத் தாண்டினாலோ அடுத்தநாள் காலை கூடியிருந்தாலோ சுமையைக் குறைத்தேன்.

படகுக்குத் திரும்பியபோது குறுகிய தூரம், வலப்பக்கத்திலும் இருக்கை. கையால் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுக்கப் பழகினது பெரிய உதவி.

மூச்சிழுக்க விலாவில் ஒரே இடம் குத்தினால் இதெல்லாம் வேண்டாம். எலும்பில் அழுத்த முறிவாக (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விழும் சிறு வெடிப்பு) இருக்கலாம், டொக்டரிடம் போங்கோ.