நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் பழைய பைக் வாங்கும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தான். ஆறேழு வருடமாக என்னோடு நெடும்பயணம் வருகிறவன். மழை, மலை, மண்பாதை எல்லாம் பார்த்தவன். "அண்ணே, ஒன்பது வருஷத்து வண்டி. மீட்டர்ல வெறும் நாலாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கு. கேக்குற வெல கொஞ்சம் கூடத்தான். ஆனா இப்படி ஒண்ணு இனிமே கிடைக்காதுண்ணே" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் அதையேதான் சொன்னேன், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். அன்று என்னைத் தடுக்க யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆவணங்களைச் சரிபார்ப்பது, சேசிஸ் எண்ணை ஒப்பிடுவது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மீட்டர் எண்ணுக்குக் காசு கொடுப்பது

நான் வாங்கியது 600 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரும் நான்கு. பதினோரு வயதான வண்டி. மீட்டரில் 6,200 கிலோமீட்டர். பெயின்ட் பளபளவென்று இருந்தது, சீட்டில் ஒரு கீறல் இல்லை. விற்றவர் நல்ல மனிதர், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "ரொம்ப நாளா எடுக்கவே இல்ல" என்று அவராகவே சொன்னார். அதை நான் வண்டியின் பெருமையாக எடுத்துக்கொண்டேன்!

அதே வாரம் அதே மாடலில் இன்னொன்றும் விலைக்கு இருந்தது. 38,000 ஓடியது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது வைத்திருந்தார் உரிமையாளர். நான் கொடுத்ததைவிடக் கால்வாசி குறைவாகத்தான் கேட்டார். "முப்பத்தெட்டாயிரமா, இன்ஜின் தேய்ந்திருக்கும்" என்று போய்ப் பார்க்கக்கூட இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். ஏமாந்ததைக்கூட மறந்துவிடலாம், நல்ல வண்டியை வேண்டாமென்று தள்ளியதை மறக்க முடியவில்லை.

பதினோரு வருடத்தில் 6,200 என்றால் வருடத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் என்று கணக்குப் போட்டு, 'பாவம், அளவோடு ஓட்டியிருக்கிறார்' என்று முடிவு செய்தேன். உண்மையில் முதல் இரண்டு வருடத்திலேயே அந்தத் தூரமெல்லாம் ஓடி முடிந்துவிட்டது. மிச்ச ஒன்பது வருடமும் வண்டி உறை போட்டபடி நின்றிருந்தது. நின்ற வண்டியும் கெடும், ஆனால் வேறு விதமாக.

முதலில் கெடுவது பெட்ரோல். அதன் லேசான பகுதி ஆவியாகிப் போக, மிஞ்சியது வார்னிஷ் மாதிரி கார்புரேட்டருக்குள் படியும். வண்டி சும்மா ஓடும்போது பெட்ரோல் விடும் ஐட்லிங் ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை அடைக்க ஒரு பிசிறு போதும். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் அது ஈரத்தை வேறு இழுக்கும். பாதி காலியாக நின்ற டேங்கின் உட்சுவரில் துரு பிடிக்கும், அந்தத் துரு பொடியாக இறங்கி மறுபடியும் ஜெட்டுக்கே வரும். இன்ஜெக்டர் உள்ள வண்டி என்றால் அதே கசடு பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் தேடிப் போகும்.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். மாற்றாமல் விட்டால், டிஸ்க் மேல் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் இறுகும். லீவர் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வரும் துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருக்கும். எனக்கு அது நடந்தது. வாங்கிய மூன்றாவது வாரம், ஒரு நீண்ட இறக்கத்துக்குப் பிறகு முன்சக்கரம் இறுகத் தொடங்கியது. நிறுத்தி இறங்கினால், டிஸ்க் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை. அந்த இறக்கம் இன்னும் இரண்டு கிலோமீட்டர் நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயின் குரோம் மேல் ஈரம் படிந்து நின்றால் புள்ளி புள்ளியாகத் துரு வரும். வண்டி மறுபடி ஓட ஆரம்பித்ததும் அந்தப் புள்ளிகள் ஆயில் சீலை அறுக்கும். சீல் மட்டும் மாற்றினால் புதுச் சீலும் அறுபடும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் வருடக்கணக்கில் வழிந்து இறங்கிவிடும். எந்த சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றதோ அங்கே ஈரக் காற்று உள்ளே போகும். க்ளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் விரிசல் விட்டுக் காற்றை இழுக்கும்.

டயரைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதுதான் பார்வையை அதிகம் ஏமாற்றுகிறது. பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டைகள், எல்லாம் ஆழமாக, புதிது போலவே இருக்கும். ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும், ஈரச் சாலையில் பிடிப்பு இருக்காது. டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2317 என்றால் 2017இன் இருபத்து மூன்றாவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000க்கு முந்தையது.

கடைசியில் எனக்கு என்ன ஆனது? இரண்டு டயர், பேட்டரி, முன் காலிப்பர் வேலை, ஃபோர்க் குழாய், நான்கு கார்புரேட்டரும் இரண்டு முறை சுத்தம், டேங்க் சுத்தம். மூன்று மாதத்தில், வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவு. அந்த 38,000 வண்டியை எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கினார். டயர், செயின் செட், பிரேக் பேட், நேரத்துக்கு வால்வு செட்டிங் இவ்வளவுதான் செய்து, அடுத்த நாற்பதாயிரத்தை ஓட்டினார்.

ஆகவே 'எவ்வளவு ஓடியிருக்கிறது' என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கடைசி ஆயிரம் கிலோமீட்டர் எப்போது ஓடியது?" போன மழைக்காலத்தில் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். விற்பவர் யோசிக்க ஆரம்பித்தால் நின்ற வண்டி என்று வைத்துக்கொண்டு விலை போடுங்கள்.

விலை போடுவது இப்படி. அதே மாடல், நாளைக்கே தூரப் பயணம் கிளம்பத் தயாரான நிலையில், என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பது தொடக்கம். அதிலிருந்து இரண்டு டயர், பேட்டரி, எல்லா ஆயில்களும் கூலன்டும், பிரேக் சீல்களும் குழாய்களும், ஃபோர்க் சீல், கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் சுத்தம், டேங்க், இவை அத்தனைக்கும் உண்டான கூலி, எல்லாவற்றையும் முழுதாகக் கழியுங்கள். 'டயர்ல பட்டன் இருக்கே, பாதி கழிச்சா போதாதா' என்ற சமரசம் வேண்டாம். அந்த டயர் குப்பைக்குத்தான் போகும். அதற்கு மேல், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் கோளாறுகளுக்காக ஒரு தொகையை ஒதுக்குங்கள். பட்டியலைச் செலவோடு வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். வண்டியைப் பார்த்த பிறகு எழுதினால் பேனா இரங்கிவிடும்.

நிறைய ஓடிய வண்டிக்குக் கணக்கு எளிது. தேய்ந்த பாகங்களைக் கழித்துக்கொள்ளலாம். அந்த மாடலின் கையேட்டில் வால்வு சரிபார்ப்பு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று பார்த்து, அது நெருங்கிவிட்டது என்றால் அந்தச் செலவையும் கழித்துக்கொள்ளுங்கள்.

குறைவாக ஓடிய எல்லா வண்டியும் மோசம் என்று சொல்லவில்லை. வருடத்துக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று விடாமல் ஓடி, தூரம் ஆகாவிட்டாலும் வருடாவருடம் ஆயில் மாற்றிய ரசீது இருந்தால் தாராளமாகக் கூடுதல் கொடுக்கலாம். நானே கொடுப்பேன். மீட்டர் எண் உண்மைதானா என்பதையும் பாருங்கள். ஐந்தாயிரம் ஓடிய வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் கியர் லீவர் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்திருக்காது, டிஸ்க்கின் ஓரத்தில் விரல் தடுக்கும் அளவுக்கு விளிம்பு எழும்பியிருக்காது.

சூடான இன்ஜினைக் கேட்டு மயங்குவது

நீங்கள் போய்ச் சேரும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். அப்படியே வையுங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்லும் முன்னால் புறங்கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து அடங்கினால் வால்வு சீல் போயிருக்கலாம்; முறுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள். வால்வுகளை இயக்கும் கேம் செயினின் கரகரப்பும் குளிர்ந்த நிலையில்தான் தெளிவாகக் கேட்கும்.

நம் திறமையால் வண்டியின் குறையை மூடுவது

புதிதாக ஓட்டுகிறவனுக்கு இந்தத் தவறு வராது. நமக்குத்தான் வரும். வண்டி இடப்பக்கம் இழுத்தால் நம் உடம்பு தானாக வலப்பக்கம் சாய்ந்து சரிசெய்துவிடும். கியர் முரண்டு பிடித்தால் கை தானாக ஆக்சிலேட்டரைத் தொட்டு வேகத்தைப் பொருத்திக் கொடுத்துவிடும். இறங்கி வந்து "நல்லாத்தான் ஓடுது" என்கிறோம். ஓடவில்லை, நாம் ஓட்டியிருக்கிறோம்.

சோதனை ஓட்டத்தில் சோம்பேறியாக இருங்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் பிடியைத் தளர்த்தி வண்டி எங்கே போகிறது என்று பாருங்கள். ஆக்சிலேட்டர் உதவி இல்லாமல் கியரைக் குறையுங்கள். முன் பிரேக்கைத் தனியாக, பின் பிரேக்கைத் தனியாகப் பிடியுங்கள். திரும்பி வந்ததும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தமாதிரி நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் பேரிங், போய்விட்டது.

கேட்கும் விலையைச் சந்தை விலை என்று நம்புவது

விளம்பரத்தில் வாரக்கணக்காக நிற்பவை, அந்த விலைக்கு யாரும் வாங்காதவை. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கிடைப்பது விலைபோகாத விலைகளின் சராசரி. ஆறேழு வாரம் ஒரே மாடலை விடாமல் கவனியுங்கள். எது எந்த விலையில் இருக்கும்போது காணாமல் போனது என்று குறித்து வையுங்கள். விற்றவரிடம் "என்ன விலைக்கு முடிந்தது" என்று மரியாதையாகக் கேட்டால் பலர் சொல்வார்கள். விற்று முடித்தவருக்கு மறைக்கக் காரணம் இல்லை.

கூடுதல் சாமான்களுக்கு விலை கொடுப்பது

வேறு சைலன்சர், பெட்டிகள், கண்ணாடி, விளக்கு. இதற்கெல்லாம் சேர்த்து நான் போடும் விலை பூஜ்யம். கம்பெனி சைலன்சரைக் கழற்றி வைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்பேன். இல்லையென்றால் விலையைக் குறைப்பேன்.

பெயின்ட்டில் விபத்தைத் தேடுவது

பெயின்ட் புதிதாக அடிக்கலாம். ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பும்போது சேசிஸில் போய் முட்டும் அந்தச் சிறு இரும்புத் துண்டைப் பாருங்கள். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது.

இரவில் பார்ப்பது

பார்க்காதீர்கள். மழையில் நனைந்து நிற்கும் வண்டியையும்.

பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் கூடாது.

தம்பியோடு நானும் போயிருந்தேன். அவனே குனிந்து டயர் எண்ணைப் படித்தான். இரண்டும் வண்டியின் வயதுதான். கடைசி ஆயிரம் எப்போது ஓடியது என்று கேட்டதற்கு விற்பவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மகன் வெளியூர் போனதிலிருந்து எடுக்கவில்லை என்றார். மகன் போய் ஆறு வருடம். தம்பி பட்டியலை எடுத்துக் காட்டித் தன் விலையைச் சொன்னான். "நாலாயிரம் ஓடின வண்டிக்கா இந்த வெல?" என்று அவருக்கு உண்மையாகவே வருத்தம். கைகொடுத்துவிட்டு வந்துவிட்டோம். வழியெல்லாம் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று மறுபடி கூப்பிட்டான். 41,000 ஓடிய வண்டி ஒன்று, போன மாதம்வரை வேலைக்குப் போய்வந்தது, ரசீது எல்லாம் இருக்கிறதாம். ஞாயிறு காலையில் போகிறோம். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.